வீட்டுத் தோட்டத்தில் கோஸ்

"கோஸ் விதை வாங்கி லயத்துக்குப் பின்னால் போட்டோம். இலைதான் வருது, உருண்டை கட்டவே மாட்டேங்குது" என்று மருந்தகத்துக்கு வரும் தாய்மார்கள் கேட்கிறார்கள். குறை உங்கள் கையில் இல்லை. முட்டைக்கோஸ் குளிர்நாட்டுப் பயிர். சீமையில் பனிக்காலத்திலும் தோட்டத்தில் நிற்கும். 15 முதல் 20 டிகிரி குளிர்ச்சி இருந்தால்தான் இலைகள் இறுகி உருண்டை பிடிக்கும். நம் நாட்டில் அது கேமரன் மலை போன்ற இடங்களில்தான். கீழே செம்பனைத் தோட்டத்தில் பகலில் 32 டிகிரிக்கு மேல் போகிறது. சூடு தாங்கும் ஒட்டு விதைகள் உண்டு. உருண்டை சிறுத்துத்தான் வரும்.

அதற்குப் பதில் கோஸின் பங்காளிகளான சாவிக் கீரையும் கைலானும் போடுங்கள். சாவியை ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறிக்கலாம். உடம்புக்கும் இதுதான் மேல் என்பேன். வெளுத்த கோஸை விடப் பச்சை இலையில் வைட்டமின் ஏ சத்து அதிகம். கர்ப்பிணிகளுக்கு வேண்டிய ஃபோலிக் சத்தும் உண்டு. ஆனால் கீரை தின்கிறோமே என்று மருந்தகத்தில் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதையும் விடுங்கள். அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கீரையை வதக்கி உடனே இறக்குங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் வைட்டமின் சி அதோடு போய்விடும்.

மழை நீர் தேங்காமல் பாத்தியை மேடாகக் கட்டுங்கள். கோழி எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சை எரு வேரைச் சுட்டுவிடும். பிள்ளைகள் செருப்பில்லாமல் மண்ணில் இறங்க வேண்டாம். கொக்கிப்புழு கால் தோல் வழியாகத்தான் ஏறுது.

சின்னப் பச்சைப் புழு இலைக்கடியில் இருக்கும். தொட்டால் நூல் விட்டுத் தொங்கும். காலையில் கையாலேயே பொறுக்கி நசுக்கலாம். குச்சி நட்டுப் பழைய கொசுவலையைப் போர்த்தினால் அந்துப்பூச்சி முட்டையிட முடியாது.

எனக்குப் பயமெல்லாம் தீம்பாரிலிருந்து மிச்ச மருந்தைத் தண்ணீர் போத்தலில் ஊற்றிக் கொண்டு வருகிறார்களே, அதுதான். புல்லு மருந்து புழுவைக் கொல்லாது, கீரையைத்தான் கொல்லும். தாகத்தில் பிள்ளை அந்தப் போத்தலை எடுத்தால் என்ன ஆகும்? பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை. பழைய டின் எங்காவது கொட்டகையில் கிடந்தால் திறக்காமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். ஒரு வாய் போதும் உயிர் போக. அதற்கு மாற்று மருந்து கிடையாது. காலி மருந்து டின்னைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதும் கூடாது.

யாராவது எந்த மருந்தையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே பட்ட துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, டின்னையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். மருந்தகம் திறக்கட்டும் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.