இடைக்காலக் கட்டளையும் மேன்முறையீடும்

வழக்கொன்றில் நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைகள் இருதிறத்தன. வழக்கினை முடித்துக் கூறுவது தீர்ப்பு. அதற்கு முன்னர் இடையே எழும் வினாக்களுக்கு விடையாக வருவது இடைக்காலக் கட்டளை. முறையின்றி வேலையினின்று நீக்கப்பட்டேன் என ஒருவர் முறையிடும் வழக்கில், இக்கட்டளைமீது உடனே மேல்மன்றம் செல்லுதல் தகுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அத்தகைய வழக்குகளில் முதற்கண் எழும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டு. முறையிட்டவர் சட்டம் கூறும் தொழிலாளி ஆவாரா என்பது ஒன்று. நீக்குமுன் நிருவாகம் நடத்திய உள்விசாரணை நேர்மையானதா என்பது மற்றொன்று. இவற்றிற்குத் தொழிலாளர் நீதிமன்றம் விடை கூறியவுடனே, இந்திய அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்திற்கும், 136-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்திற்கும் செல்லுதல் பலர்க்கு வழக்கமாயிற்று.

இதன் விளைவினைத் தில்லி வழக்கொன்று தெளிவுறக் காட்டும். 1969-இல் ஒருவர் வேலையினின்று நீக்கப்பட்டார். 1970-இல் அவர் வழக்குத் தொழிலாளர் நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. அவர் தொழிலாளியே என அம்மன்றம் கூறிற்று. நிருவாகம் உயர் நீதிமன்றம் சென்று அம்முடிவினைத் தள்ளுவித்தது. 1983-இல் உச்ச நீதிமன்றம் முதல் முடிவே சரியென நிலைநாட்டிற்று. அங்ஙனம் அவர் வென்றும் பெற்றது யாது? வழக்கு மீண்டும் தொடங்கிய இடத்திற்கே வந்தது. நீக்கம் நியாயமா என்னும் மூலவினா 14 ஆண்டு கழிந்தும் ஆராயப்படாமலே கிடந்தது.

தீர்ப்புரைத்த நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி, தொழில் தகராறுகளில் எல்லா வினாக்களையும் ஒருங்கே முடித்தல் வேண்டும் என்றும், முதல்வினா ஒன்றன்பொருட்டு உயர் நீதிமன்றங்கள் விசாரணையை நிறுத்துதல் ஆகாதென்றும் வற்புறுத்தினார். உள்விசாரணை பற்றிய இடைமுடிவினை எதிர்த்து வழக்கினைத் தடுத்தல் தகாது என, 1975-இலேயே அம்மன்றம் மற்றொரு வழக்கில் கூறியிருந்தது.

அங்ஙனமாயின் பிழைபட்ட கட்டளைக்குப் பரிகாரம் இல்லையோ எனின், உண்டு. இறுதி முடிவினை எதிர்க்குங்கால் இடைக்காலப் பிழையையும் உடன் எடுத்துரைக்கலாம். உரிமையியல் வழக்குகளுக்குரிய 1908-ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டமும் தன் 105-ஆம் பிரிவில் இவ்வுரிமையைக் காத்துள்ளது. எனவே பொறுத்தல் உரிமையை இழத்தல் அன்று.

எனினும் எல்லாக் கட்டளைகளும் பொறுக்கத்தக்கன அல்ல. தடையுத்தரவு போன்றவை அன்றே பலன் விளைப்பன. இறுதிவரை காத்திருப்பின் நேர்ந்த கேட்டினை மீட்டல் அரிதாகலாம். ஆதலின் அச்சட்டமே தடையுத்தரவின்மீது உடனே மேன்முறையீடு செய்ய இடந்தந்துள்ளது. இப்பிழை இறுதியில் திருத்தத்தக்கதா, அன்றா என்று வினவுதலே இங்கு உரைகல்லாகும். திருத்தத்தக்கதாயின் பொறுத்தல் நன்று. அன்றாயின் விரைதல் கடன்.

ஆராயாத விரைவு கோவலன் உயிரைக் கவர்ந்தமை நாம் அறிந்ததே. முடிவுறாத ஆராய்ச்சியோ வேலையிழந்தவரின் வாழ்நாளைக் கவர்வது. நிருவாகத்திற்கு வழக்குப் பல அலுவல்களுள் ஒன்று. ஊதியமிழந்த குடும்பத்திற்கோ ஒவ்வொரு தவணையும் அடுப்பெரியாத நாட்களாம். மேன்முறையீடு செய்யும் உரிமை உடையார் எவரும் இவ்வேற்றுமையை எண்ணிப் பார்த்தல் நீதிக்கு அழகாகும்.