மேடைக்கு ஒரு காம்போ ஆம்ப்

கடையில் தனியாக வாசித்துப் பார்த்தால் எந்தக் கிட்டார் ஆம்பும் அருமையாகத்தான் கேட்கும். டிரம்ஸ் பக்கத்தில் வைத்ததும் சாயம் வெளுத்துவிடும்.

வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வாட்ஸ் இரட்டிப்பானாலும் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். சின்ன அரங்கில் 15 வாட்ஸ் வால்வு ஆம்ப் சமாளிக்கும். ஒலி பிசிறடிக்காமல் டிரம்ஸுக்கு மேலே கேட்க வேண்டுமானால் 30, 40 வாட்ஸும் 12 அங்குல ஸ்பீக்கரும் வேண்டும்.

வாங்கும் முன் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஏறக்குறைய 29 கிலோ. லிஃப்ட் இல்லாத மாடி மண்டபத்தில் அந்தக் கனம் தெரியும்!

மெலடி, குத்து, ராக் என ஒரே கச்சேரியில் எல்லாம் வாசிப்பவருக்குச் சுத்தமான ஒலி தரும் ஆம்பே நல்லது. மற்ற ஒலிகளைப் பெடல் பார்த்துக்கொள்ளும். 1975 முதல் வரும் ரோலண்ட் ஜேசி-120 இதற்குப் பேர்போனது (அதுவும் கனம்தான்). ஆம்பின் டிஸ்டார்ஷனையே நம்புகிறீர்களா? அப்படியானால் எஃபெக்ட்ஸ் லூப் கட்டாயம் வேண்டும். டிலே பெடலை அதில் செருகினால்தான் எதிரொலி கலங்காமல் வரும்.

மிக்சருக்கு நேரே கொடுக்க லைன் அவுட் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பின்பக்கம் 230 வோல்ட் என்று போட்டிருக்க வேண்டும். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட். நம் பிளக்கில் அப்படியே செருகினால் புகைதான்.

மேடையில் ஆம்பைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். தரையில் நேராக நின்றால் உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும்.