கம்ப்யூட்டர் பாடமும் நம் பிள்ளைகளும்



நம் கடைகளில் கம்ப்யூட்டர் வந்து அமர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கல்லாவில் பில் போடுவது அது. சரக்கு இருப்பைச் சொல்வது அது. வாடிக்கைக்காரர் தம் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறார். போதாக்குறைக்கு, வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்டு முதல் தேதியன்று, ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடமிருந்து இ-இன்வாய்ஸ் முறையைத் தொடங்கி, படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் அதை விரித்து வந்திருக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் நமக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. நம் பிள்ளைகள் அதை எவ்வளவு தூரம் கற்க வேண்டும், எங்கே கற்க வேண்டும் என்பதே நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இதைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் சொல்வது ஒன்றுண்டு. "என் மகன் போனை எடுத்தால் போதும், எல்லாம் செய்வான், அவனைக் கம்ப்யூட்டர் பாடத்தில் போட்டுவிடலாம்" என்பார்கள். இந்த எண்ணம் சரியா என்று பார்ப்பதற்கு, பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் எப்படி மாறி வந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு, நாலாம் படிவத்தில் ஐ.சி.டி. என்னும் பாடம் விருப்பப் பாடமாக வந்தது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் என்பது அதன் பொருள். கம்ப்யூட்டரால் சமூகத்திற்கு உண்டாகும் நன்மை தீமை, அதன் உறுப்புகள், ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்றோடு இணைக்கும் முறை ஆகியவை நாலாம் படிவத்தில் இருந்தன. படமும் ஒலியும் சேர்த்துக் காட்சி தயாரித்தல், கொஞ்சம் நிரல் எழுதுதல், தகவல் முறைகள் ஆகியவை ஐந்தாம் படிவத்தில் இருந்தன. பெரும்பாலும் இயந்திரத்தை அறிந்து பயன்படுத்தும் படிப்பு அது.

2017இல் இது மாறியது. அவ்வாண்டு நாலாம் படிவத்தில் ஐ.சி.டி.க்குப் பதிலாக 'சைன்ஸ் கொம்பூட்டர்', அதாவது கம்ப்யூட்டர் அறிவியல், வந்தது. அதே ஆண்டில் முதலாம் படிவத்தில் 'அசாஸ் சைன்ஸ் கொம்பூட்டர்' என்னும் அடிப்படைப் பாடமும் தொடங்கியது. அதையோ, 'ரேக்கா பெந்தோக் டான் தெக்னோலொகி' என்னும் வடிவமைப்புப் பாடத்தையோ, இரண்டில் ஒன்றை மாணவர் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். நம் நாடு மாத்திரம் இப்படிச் செய்ததென்று எண்ண வேண்டாம். இங்கிலாந்திலும் 2014 செப்டம்பரில் ஐ.சி.டி. பாடத்தை எடுத்துவிட்டு, நிரல் எழுதக் கற்பிக்கும் கம்ப்யூட்டிங் பாடத்தை வைத்தார்கள். பிறர் செய்து கொடுத்த கருவியைத் தட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் கருவி எப்படி இயங்குகிறது என்றும் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

வண்டி ஓட்டுவது ஒரு வித்தை. வண்டி செய்வது வேறு வித்தை. பழைய பாடம் முதலாவதற்குப் பக்கம். புதிய பாடம் இரண்டாவதற்குப் பக்கம். போனை விரைவாகத் தட்டும் பிள்ளை நல்ல ஓட்டுநர்தான். அதனாலேயே அவன் வண்டி செய்யும் பட்டறைக்கு ஏற்றவன் என்று ஆகிவிடாது.

அந்தப் பாடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? நம் கடையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது, அல்கோரிதம். ஒரு வேலையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் படி படியாகச் சொல்லும் முறைக்கு இந்தப் பெயர். கடைக்குப் புதிதாக வந்த பையனுக்குச் சில்லறை கொடுக்கக் கற்றுத் தருகிறீர்கள். சாமான் 6 வெள்ளி 35 காசு. வாடிக்கைக்காரர் கொடுத்தது 10 வெள்ளி. "பத்தில் ஆறு முப்பத்தைந்தைக் கழி. மிச்சத்திற்கு மேற்படாத பெரிய நோட்டையோ காசையோ எடு. அதை மிச்சத்தில் கழி. மிச்சம் ஒன்றுமில்லை என்று ஆகும் வரை இதையே திரும்பச் செய்" என்கிறீர்கள். அவன் மூன்று ஒரு வெள்ளி நோட்டும், 50 காசு, 10 காசு, 5 காசு ஒவ்வொன்றும் எடுத்து, 3 வெள்ளி 65 காசு கொடுத்துவிடுவான். நீங்கள் சொன்னது முழுமையான அல்கோரிதம். இதையே ஜாவா என்னும் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது நாலாம் படிவப் படிப்பு. பையனாவது ஏதேனும் விட்டுப்போனால் நம்மைக் கேட்பான். இயந்திரம் கேட்காது, சொன்னதை மட்டும் செய்யும், தவறாகச் சொன்னால் தவறாகவே செய்யும்.

இந்த அல்கோரிதம் என்ற சொல்லே அல்-குவாரிஸ்மீ என்னும் அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்தவர் அவர். இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையைப் பற்றி நூல் செய்தார். அல்ஜிப்ரா என்ற பெயருக்குக் காரணமான அவருடைய நூலில் பாகப்பிரிவினைக் கணக்கும் வியாபாரக் கணக்கும் உண்டு. ஆகவே இந்தக் கல்வி நமக்கு அந்நியமானது என்று ஒதுங்குவதற்கு நியாயமில்லை.

இரண்டாவது, தரவுத்தளம். நம் பற்றுவரவுப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியிலும் வாடிக்கைக்காரரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று எழுதி வந்தால், அவர் எண்ணை மாற்றியதும் நூறு வரிகளைத் திருத்த வேண்டிவரும். ஒன்று விட்டுப்போனாலும் கணக்கில் குழப்பம். அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கமிட்டு, விவரத்தைத் தனி ஏட்டில் ஒரே தடவை எழுதி, பற்று எழுதும்போது இலக்கத்தை மட்டும் குறித்தால் திருத்தம் ஒரே இடத்தில் முடியும். நாலாம் படிவத்தில் தரவுத்தளம் பற்றிச் சொல்லிக்கொடுப்பதன் சாரம் இதுவே.

மூன்றாவது, மனிதர் எளிதில் பயன்படுத்தும்படி திரையை அமைப்பது. அரிசியும் சீனியும் எங்கே வைத்தால் வாங்க வருபவர் அலையாமல் எடுப்பார் என்று நாம் கடையை ஒழுங்கு செய்வதைப் போன்றது.

ஐந்தாம் படிவத்தில் தர்க்கவாயில் என்று ஒன்று வருகிறது. "பழைய பாக்கி தீர்ந்திருக்க வேண்டும், அத்துடன் ஆள் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும், இரண்டும் இருந்தால்தான் கடன்" என்று நாம் வைத்திருக்கும் விதியைப் போன்றதே அது. அதன்மேல் தரவுத்தளத்தின் உயர்ந்த பகுதியும், இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதுவதும் உண்டு.

இவற்றையெல்லாம் பார்த்தால் ஒன்று விளங்கும். இந்தப் பாடத்திற்கு வேண்டியவை கணிதப் புத்தி, பொறுமை, தப்பைத் தேடித் திருத்தும் குணம். எனவே பிள்ளை போனில் எத்தனை மணி நேரம் இருக்கிறான் என்பதை அளவுகோலாக வைக்கக் கூடாது. கணிதத்தில் எப்படி இருக்கிறான், தவறான விடை வந்தால் மறுபடியும் உட்கார்ந்து பார்க்கிறானா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஸ்.பி.எம்.மில் கம்ப்யூட்டர் அறிவியல் எடுக்காத பிள்ளைக்கு மேற்படிப்பின் கதவு மூடிவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை. டிப்ளோமா அளவில் கம்ப்யூட்டர் துறையில் சேர, எஸ்.பி.எம்.மில் கணிதத்தையும் சேர்த்து மூன்று கிரெடிட் என்பதே அடிப்படை நிபந்தனை. பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள் கூடுதல் கணிதமும் படித்திருந்தால் வழி இன்னும் சுலபம். கம்ப்யூட்டர் அறிவியலை எடுத்துக்கொண்டு கணிதத்தைக் கோட்டை விடுவது, கடையைத் திறந்து வைத்துவிட்டுத் தராசை மறந்த கதையாகும். நம் காம்பாரிலேயே துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், அதாவது உத்தார், தன் தகவல் தொழில்நுட்பப் புலத்தை வைத்திருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் அறை வாடகை கொடுத்து இங்கே வந்து படிக்கிறார்கள். அவர்களுக்கு நாசி கண்டாரும் தேநீரும் விற்பதோடு நம் பங்கு முடிந்துவிடலாமா?

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலாம் படிவத்திற்கு விருப்பப் பாடம் தெரிந்தெடுப்பது மூன்றாம் படிவத்திலேயே பேசி முடிக்க வேண்டிய காரியம். அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு 2020இல் போய், பாடத் தொகுப்புகள் வந்துவிட்டன. பி.டி.3 தேர்வும் 2022இல் ரத்தானது. பெரிய தேர்வின் முடிவு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்த பழைய வழக்கம் இனி உதவாது. கம்ப்யூட்டர் அறிவியல் விருப்பப் பாடமாதலால் எல்லாப் பள்ளியிலும் அது இருக்குமென்று சொல்ல முடியாது. 2027இல் முதலாம் படிவத்தில் புதிய பாடத்திட்டம் தொடங்கும் என்று கல்வியமைச்சும் அறிவித்திருக்கிறது. ஆகவே அண்ணன் படித்தபடியே தம்பிக்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

பிள்ளை மூன்றாம் படிவத்தில் இருக்கும் தகப்பனார் ஒவ்வொருவரும் ஒரு நாள் காலையில் கடையைச் சிப்பந்தியிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் அறிவியல் இருக்கிறதா? எந்தத் தொகுப்பில், வேறு எந்தப் பாடங்களோடு சேர்ந்து வருகிறது? என் பிள்ளையின் கணிதம் அதற்குப் போதுமா? மூன்றாவதற்குப் பதில் 'போதாது' என்றால், மனம் சுளிக்காமல் கணிதத்திற்கு உதவி செய்யுங்கள். அல்லது கணக்கியலில் பிள்ளைக்கு நாட்டம் இருந்தால் அந்த வழியில் விடுங்கள். அதுவும் நம் தொழிலுக்கு உகந்த கல்வியே.

கடைசியாக, பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். இந்தப் பாடத்திற்கு உடல் வலிமை தேவையில்லை. அறிவும் பொறுமையுமே தேவை. நம் வீடுகளில் கணக்கில் கெட்டிக்காரியாய் இருக்கும் மகளை ஒதுக்கிவிட்டு, கணக்கில் விருப்பமில்லாத மகனை மட்டும் இதில் தள்ளுவது இருவருக்கும் செய்யும் அநியாயம்.

சரக்கு வாங்கும்போது கையில் எடுத்துப் பார்த்து, தரம் கேட்டு, விலை விசாரித்து வாங்குகிறவர்கள் நாம். பிள்ளைகளின் பாடத்திற்கும் அந்த விசாரணையைச் செய்வோமாக.