கையை நீட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி மாதம். மானாவாரி நிலத்தில் உளுந்து விதைப்பு நடக்கிறது. பிஞ்சையிலிருந்து வேகவேகமாக நடந்து வந்த பெரியவர், வழியில் ஒரு டீ குடித்துவிட்டு, தெருத் திண்ணையில் பிரஷர் கருவியோடு உட்கார்ந்திருக்கும் சுகாதாரத் தன்னார்வலரிடம் கையை நீட்டுகிறார். சட்டைக் கையைக்கூட மடிக்கவில்லை. கருவி 158/94 என்று காட்டுகிறது.

"என்ன தாயி, கூடியிருக்கா?"

"இருங்க பெரியப்பா. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. பேசாம இருங்க. அப்புறம் பாப்போம்."

மூச்சு அடங்கியதும் சட்டைக் கையைக் கழற்றி, சுவரில் சாய்ந்து உட்காரவைத்து, மறுபடி பார்த்தால் 134/84. டீ குடித்த தாக்கம் இன்னும் இருக்கலாம் என்பதால், "நாளைக்குக் காலைல ஒருக்கா பாத்துருவோம்" என்கிறார் தன்னார்வலர்.

மனிதர் அதேதான், கருவியும் அதேதான். முதல் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் அவர் தேவையில்லாமல் பயந்திருப்பார். இதன் மறுபக்கமும் உண்டு. நிஜமாகவே பிரஷர் கூடியிருப்பவர், "நடந்து வந்தோம்ல, அதான் கூடியிருக்கு" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் மாத்திரை இல்லாமல் இருந்துவிடலாம். அதன் விலை பக்கவாதமாகவோ சிறுநீரகப் பாதிப்பாகவோ வரும்.

அதனால்தான் செவிலியர் படிப்பில் சேருகிறவர்களுக்கு ஊசி போடும் முன்பே சொல்லித்தரும் பாடம் இது: உடலைச் சரியாகப் பார்ப்பது, சரியாக எண்ணுவது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இந்தச் சோதனைகள் இப்போது நம் வீட்டு வாசலுக்கே வருகின்றன. சோதிப்பவருக்குத் தெரிந்தது சோதிக்கப்படுகிற நமக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால் எண் தப்பாது.

பிரஷர்: எட்டு விதிகள்

1. சோதனைக்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, பீடி, சிகரெட், கடுமையான வேலை எதுவும் கூடாது.
2. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அளவு கூடும்.
3. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள்.
4. முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். கால் மேல் கால் போடாதீர்கள்.
5. பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது, வெறும் கையில்தான் சுற்ற வேண்டும்.
6. கையை மேசையிலோ தலையணையிலோ இதயத்தின் உயரத்துக்கு வையுங்கள். கை கீழே தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும்.
7. அளக்கும்போது பேச வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்களும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.
8. ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள்.

பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினாலும் எண் கூடும். பெரிய பட்டை இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

மேல் எண் இதயம் சுருங்கும்போது இருக்கும் அழுத்தம். கீழ் எண் அது தளரும்போது இருக்கும் அழுத்தம். 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் சரியாகப் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு நாள் எண்ணை வைத்து நீங்களாக மாத்திரையைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. கர்ப்பிணிக்கு 140/90 வந்துவிட்டால் மட்டும் அடுத்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தலைவலி, கண் மங்கல் சேர்ந்திருந்தால் அது அவசரம்.

கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் என்று சில செயலிகள் வருகின்றன. அவற்றை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

நாடியும் மூச்சும்: கைபேசியே போதும்

நாடி பார்க்கக் கட்டைவிரலை வைக்கக் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் உங்கள் நாடியையே நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக மெதுவாக வையுங்கள். கைபேசியில் 60 நொடி டைமரை ஓடவிட்டு எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனியுங்கள். விட்டுவிட்டுத் துடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூச்சை எண்ணுவதில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் யாராக இருந்தாலும் மூச்சு மாறிப்போகும். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவார்கள் செவிலியர்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 இயல்பு.

குழந்தைக்குச் சளி, இருமல் என்றால் முதலில் எண்ண வேண்டியது மூச்சைத்தான். அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் தாமதிக்காதீர்கள். இந்த ஒரு நிமிடக் கணக்கு ஓர் உயிரைக் காப்பாற்றும்.

வெப்பம்: கரிசல் வெயிலில் கவனம்

அக்குளில் தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன் வியர்வையைத் துடைத்துவிடுங்கள். கை உடலோடு ஒட்டியிருக்கட்டும். வாயில் வைப்பதாக இருந்தால் சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்த உடனே வைக்க வேண்டாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் காட்டு வேலை செய்பவர்களும், தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்களும் இதை மறக்கக் கூடாது. உடல் அனலாய்க் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆள் தடுமாறுகிறார் என்றால் அது வெறும் களைப்பு இல்லை, வெப்பவாதம். வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். உடனே 108-க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கண்ணால் பார், கையால் தொடு

கருவி இல்லாமலேயே செவிலியர்கள் நிறையக் கண்டுபிடிக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை நீங்களும் செய்யலாம்.

கண்: கீழிமையை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கால் வீக்கம்: கணுக்காலுக்கு மேலே, முன்எலும்பின் மீது சில நொடி அழுத்திவிட்டு விரலை எடுங்கள். குழி அப்படியே நின்றால் நீர் கோர்த்திருக்கிறது. இதயம், சிறுநீரகம் எனக் காரணம் பல இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுகர் உள்ளவர் பாதம்: நம் பக்கம் சீமைக்கருவேல முள்ளும் பருத்திக் கட்டையும் இல்லாத காடு ஏது? உணர்ச்சி மங்கிய பாதத்தில் முள் தைத்தால் வலிக்காது, வலிக்காததால் தெரியாது. தெரியாத புண்தான் காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். தினமும் படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்கள் கைபேசியின் செல்ஃபி கேமராவைப் பாதத்துக்குக் கீழே பிடித்தால் போதும், கண்ணாடிபோலத் தெரியும். செவிலியர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லி 'பாஸ்' ஆவதால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எழுதி வைத்தால்தான் எண்ணுக்கு மதிப்பு

செவிலியர்கள் அளந்த கையோடு நேரத்தையும் எழுதுவார்கள். நீங்களும் கைபேசிக் குறிப்பில் தேதி, நேரம், எண், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மாத்திரை போட்டீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை தன்னார்வலர் வரும்போதோ, துணை சுகாதார நிலையத்துக்கோ கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ போகும்போதோ அதைக் காட்டுங்கள். ஒரு நாள் எண்ணைவிட ஒரு மாதக் குறிப்பு மருத்துவருக்கு அதிகம் உதவும்.

சந்தேகம் கேட்க 104. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் என்றால் எந்த எண்ணையும் அளந்துகொண்டிருக்க வேண்டாம், நேராக 108. இரண்டும் கட்டணமில்லாத சேவைகள்.

அடுத்த முறை வாசலில் "பிரஷர் பாக்கலாமா?" என்று குரல் கேட்டால் உடனே கையை நீட்டாதீர்கள். "உள்ள வாம்மா, அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கிறேன்" என்று சொல்லுங்கள்.