மிதிவண்டிப் போட்டியும் நிழற்படக் கலையும்

விளையாட்டுகளுள் பல வரையறுத்த களத்தில் நிகழ்வன. காண விழைவோர் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று, இருக்கையில் அமர்ந்து, தொடக்கம் முதல் இறுதி வரை கண்டு மகிழ்வர். நெடுஞ்சாலை மிதிவண்டிப் போட்டியோ அத்தகையதன்று. நாட்டின் சாலைகளே அதன் களம். ஊரும் வயலும் காடும் மலையும் அதன் அரங்கு. காண வருவோர் சாலையோரத்தில் நிற்பர். வீரர் அவர்கள் முன்னே தோன்றி, நொடிப்பொழுதில் கடந்து செல்வர். கட்டணம் ஏதும் இல்லை. பெரும்பாலான இடங்களில் வேலியும் இல்லை. இத்தகைய போட்டியை நிழற்படமாகப் பிடிக்க விரும்பும் ஆர்வலருக்குக் கிடைப்பவை சில வினாடிகளே. அவ்வினாடிகளை அவர் எவ்வாறு பயன்கொள்கின்றார் என்பதையும், அப்பொழுது அவர் கடவாது காக்க வேண்டிய எல்லை யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

நெடுஞ்சாலை மிதிவண்டிப் போட்டிகளுள் தலையாயது பிரான்சு நாட்டில் நடைபெறும் டூர் டி பிரான்ஸ் ஆகும். பிரான்சு நாட்டைச் சுற்றி வருதல் என்பது அப்பெயரின் பொருள். செய்தித்தாள் ஒன்று தன் விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் 1903ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கிற்று. அவ்வாண்டில் 60 வீரர் புறப்பட்டனர். 21 வீரரே இறுதி வரை வந்து சேர்ந்தனர். உலகப் போர்கள் இரண்டும் நடந்த காலங்களில் தடைப்பட்டதன்றி, இப்போட்டி ஆண்டுதோறும் நடந்து வருகின்றது. இக்காலத்தில் 170க்கு மேற்பட்ட வீரர், மூன்று வாரங்களில், 21 கட்டங்களாக, ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் தொலைவு செல்லும் போட்டியாக இது விளங்குகின்றது.

இப்போட்டியைப் படம் பிடிப்போர் இரு திறத்தினர். செய்தித்தாள்களுக்காகப் பணிபுரியும் தொழில்முறைக் கலைஞர் ஒரு திறத்தினர். அவர்களிற் சிலர் சிறப்பு இசைவு பெற்று, மோட்டார் சைக்கிளில் பின்னே அமர்ந்து, வீரருடனேயே செல்வர். ஆதலின் ஒரே நாளில் பலவிடங்களில் பல படங்களை அவர்கள் எடுக்க இயலும். மற்றொரு திறத்தினர் பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் ஆர்வலர். இவர்களுக்கு ஊர்தியும் இல்லை; தனி உரிமையும் இல்லை. போட்டி தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்னரே சாலைகள் அடைபடுவதால், நடந்தோ மிதிவண்டியிலோ சென்று ஓரிடத்தைத் தேர்ந்து அங்கேயே காத்திருத்தல் வேண்டும். வலியும் காலமும் இடமும் அறிந்து செய்யும் வினையே முற்றுப்பெறும் என்பது ஆன்றோர் கொள்கை. அக்கொள்கை இவ்வார்வலருக்கு முற்றும் பொருந்தும்.

முதலாவது இடம். சமவெளிச் சாலையில் வீரர் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே திரளாக வருவர். அஃதாவது, வினாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் கடப்பர். திரளின் நீளம் 200 மீட்டர் எனக் கொண்டால், அது பதினாறு வினாடிகளில் கடந்து போய்விடும். அத்திரளில் தனி ஒருவர் முகத்தைத் தேடிப் பிடித்தல் அரிது. மலைச் சாலையிலோ நிலைமை வேறு. அங்கே வேகம் பாதிக்கும் கீழாகக் குறையும். திரளும் சிதறிப் போகும்.

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள ஆல்ப் டுயெஸ் என்னும் ஏற்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1952ஆம் ஆண்டில் முதன்முதலாக இப்போட்டி அதன் உச்சியில் முடிவுற்றபொழுது, இத்தாலிய வீரர் பௌஸ்டோ கோப்பி வெற்றி பெற்றார். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை 21 கொண்டை ஊசி வளைவுகளுடன் மேலேறுகின்றது. நூறு மீட்டர் செல்வதற்குள் சராசரி எட்டு மீட்டர் உயர்கின்றது. அவ்வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்து 21, 20, 19 என இறங்குவரிசையில் எண்கள் இடப்பட்டுள்ளன. ஏழாம் வளைவில் நெதர்லாந்து நாட்டினர் செம்மஞ்சள் உடை அணிந்து பெருந்திரளாகக் கூடுவர். 1976 முதல் 1989 வரை அந்நாட்டு வீரர் எண்மடங்கு வெற்றியை, அஃதாவது எட்டு முறை வெற்றியை, இம்மலையில் பெற்றமையே அதற்குக் காரணம். வளைவின் மேற்புறத்தில் நிற்பவர், கீழே வளைந்து வரும் சாலை முழுவதையும், அதில் ஏறிவரும் வீரரையும், பின்னணியில் மலைகளையும் ஒரே படத்தில் அடக்கலாம்.

அடுத்தது காலம். காலையிலேயே வந்து சேரும் ஆர்வலர், மாலையில் வீரர் வரும்பொழுது கதிரவன் எத்திசையில் இருப்பான், மர நிழல் எங்கே விழும் என்பவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீரருக்கு ஓரிரு மணி நேரம் முன்னர், வணிக நிறுவனங்களின் விளம்பர ஊர்திகள் அணிவகுத்து வரும். இவ்வழக்கம் 1930இல் தொடங்கியது. மக்கள் அவ்வூர்திகளிலிருந்து எறியப்படும் சிறு பரிசுகளைப் பெற முந்துவர். அறிவுள்ள ஆர்வலரோ அவ்வூர்திகளைப் படமெடுத்து ஒத்திகை பார்த்துக்கொள்வார். ஒளி மிகுதியோ, படம் கலங்கியதோ என்பதை அப்பொழுதே அறிந்து திருத்திக்கொள்ளலாம். பின்னர் ஹெலிகாப்டரின் ஒலி பள்ளத்தாக்கில் கேட்கும்; காவலர் மோட்டார் சைக்கிள்கள் விரைந்து செல்லும். வீரர் அண்மித்தனர் என்பதற்கு இவையே அறிகுறிகள்.

மூன்றாவது கருவியின் வலி. காமிராவினுள் ஒளி புகும் வழியைக் கண்ணிமை போலத் திறந்து மூடும் உறுப்பை ஷட்டர் என்பர். அது திறந்திருக்கும் நேரத்தில் வீரர் எவ்வளவு நகர்கின்றாரோ, அவ்வளவு படம் கலங்கும். வினாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் செல்லும் வீரர், ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் ஒன்றேகால் சென்டிமீட்டரே நகர்வார். ஆதலின் படம் தெளிவாக அமையும். ஐம்பதில் ஒரு பங்கு வினாடியிலோ 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். ஆயினும், இந்நீண்ட நேரத்தையே நலமாக்கிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. கால்களை ஊன்றி நின்று, இடுப்பைத் திருப்பி, வீரர் செல்லும் வேகத்திற்கு ஒப்பக் காமிராவையும் உடன்திருப்பியவாறே படம் எடுத்தால், வீரர் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் அமையும். படத்தைக் காண்போர் அவ்வேகத்தைக் கண்ணால் உணர்வர். இதற்குப் பழக்கம் மிகுதியும் தேவை. பல படங்கள் வீணாகிய பின்னரே ஒன்று நன்கு அமையும்.

குவியத்தை முன்னரே அமைத்துக்கொள்ளுதலும் நல்ல முறையாகும். தம் மனத்திற்கினிய வீரர்களின் பெயர்களை மக்கள் சாலையில் வண்ணத்தால் எழுதி வைப்பர். அவ்வெழுத்துகளுள் ஒன்றில் குவியத்தை நிறுத்திவிட்டு, வீரரின் முன்சக்கரம் அதன்மேல் ஏறும் கணத்தில் பொத்தானை அழுத்தினால் முகம் ஏறத்தாழத் தெளிவாக அமையும். இக்காலக் காமிராக்கள் ஒரு வினாடியில் பத்துக்கு மேற்பட்ட படங்களை எடுக்க வல்லன. எனினும், எதனை எடுப்பது என்று துணிவது மனிதனது வேலையே.

பலர் மஞ்சள் உடுப்பு அணிந்த முதல்வரை மட்டும் எடுத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவர். அவ்வுடுப்பு 1919 முதல் ஒட்டுமொத்த முன்னணி வீரருக்கு உரியது. அவர் சென்று அரைமணி நேரமோ அதற்கு மேலோ கழித்து, கடைசிக் கூட்டத்தினர் வருவர். சமவெளியில் விரைந்தோட வல்ல பருத்த உடலினர் அவர்களுட் பலர். அன்றைய வெற்றி அவர்களுக்கு இல்லை. குறித்த நேரத்திற்குள் உச்சியை அடையாவிடின் போட்டியினின்றே நீக்கப்படுவர். உப்புப் படிந்த உடுப்பும், திறந்த வாயும், ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு ஏறும் காட்சியும் அங்கே காணலாம். பொறுமையுடன் காத்திருந்த ஆர்வலருக்குக் கிட்டும் சிறந்த பரிசு இதுவே.

இனி, எல்லையைக் குறித்துக் கருதுவோம். 1999ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், இத்தாலிய வீரர் கியூசெப்பே குவெரீனி ஆல்ப் டுயெஸ் உச்சியை நெருங்கித் தனியே முன்னேறிக்கொண்டிருந்தார். படம் எடுக்கும் ஆவலால் பார்வையாளர் ஒருவர் சாலை நடுவே வந்து நின்றார். வீரர் அவர்மேல் மோதிக் கீழே விழுந்தார். நற்பேறாக, உடனே எழுந்து சென்று அன்றைய வெற்றியையும் பெற்றார். எல்லார்க்கும் அந்நற்பேறு வாய்ப்பதில்லை. 2018ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், அதே மலையில், 2014ஆம் ஆண்டின் வெற்றி வீரரான வின்சென்சோ நிபாலி நெரிசலிடையே விழுந்தார். பார்வையாளர் ஒருவரது காமிராவின் வார் அவரது கைப்பிடியிற் சிக்கியதாகச் செய்திகள் கூறின. முதுகெலும்பு முறிந்த நிலையிலும் அவர் எழுந்து உச்சியை அடைந்தார். ஆயினும் போட்டியினின்று விலக நேர்ந்தது.

இவ்விடர்கள் நேர்வதற்குக் கண்ணின் மயக்கமும் ஒரு காரணமாகும். அகன்ற கோணக் காட்சியைக் காட்டும் லென்ஸ் வழியே நோக்கினால், அண்மையில் உள்ள பொருளும் சேய்மையில் இருப்பதாகத் தோன்றும். கைப்பேசிகள் பலவற்றில் அமைந்துள்ளதும் அத்தகைய லென்ஸே. திரையையே நோக்கி நிற்பவர், வீரர் இன்னும் தொலைவில் உள்ளார் என எண்ணி ஓரடி முன்வைப்பர்; அதற்குள் வீரர் வந்துவிடுவார். தம்மையே படமெடுக்க வேண்டிச் சாலைக்கு முதுகு காட்டி நிற்பவர் நிலை இதனினும் கொடிது. 2014ஆம் ஆண்டில் இப்போட்டி இங்கிலாந்தில் தொடங்கியபொழுது, இச்செயலை வீரர் சிலர் வெளிப்படையாகக் கண்டித்தனர்.

ஒரு வீரரின் உழைப்பு எத்துணை நுண்ணிய அளவில் வெல்லவும் தோற்கவும் கூடும் என்பதை 2024ஆம் ஆண்டு மகளிர் போட்டி காட்டிற்று. எட்டுக் கட்டங்கள் கொண்ட அப்போட்டி ஆல்ப் டுயெஸ் உச்சியில் நிறைவெய்தியபொழுது, போலந்து நாட்டு வீராங்கனை கடர்சினா நியேவியாடோமா நான்கே வினாடி வேறுபாட்டில் முதலிடம் பெற்றார். வழியில் ஒருவர் குறுக்கே வந்து தடுத்திருப்பின், அந்நான்கு வினாடிகள் நொடியில் மறைந்திருக்கும்.

ஆதலின், படம் எடுப்போர் காமிராவின் வாரைக் கழுத்தில் இறுகக் கோத்துக்கொள்ளுதல் வேண்டும்; சாலையின் விளிம்பிற்கு ஓரடி பின்னே நிற்றல் வேண்டும்; கண் கூசச் செய்யும் மின்னொளியைத் தவிர்த்தல் வேண்டும்; பின்னே நிற்கும் சிறுவரையும் முன்னே செல்லாதவாறு காத்தல் வேண்டும். ஒரு படம் தவறிப்போனால் அடுத்த ஆண்டும் போட்டி வரும். பல்லாண்டு உழைத்து அன்று மலையேறும் வீரருக்கோ அந்நாள் மீண்டும் வாராது. இதனை உணர்ந்து ஒதுங்கி நின்று எடுத்த படமே, எடுத்தவருக்கும் காண்பவருக்கும் குறைவற்ற மகிழ்ச்சி தருவதாகும்.