உப்பு விளையும்போது குளோரைட்டும் புரோமைட்டும்

கடல்நீரை வெயிலில் காயவிட்டால் உப்பு வரும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனையிறவால் பயணம் செய்த எம்மில் பலர் அங்கே வெள்ளைக் குவியல்களைக் கண்டிருப்போம். போரினால் 1990இல் நின்றுபோன அந்த உப்பளம் பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால் கடல்நீரில் கரைந்துள்ள எல்லாமே அந்தக் குவியலில் சேர்வதில்லை. இம்முறை அதைப் பிள்ளைகளுடன் சேர்ந்து படிப்போம்.

கடல்நீரில் உள்ளவை

1000 கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புகள் கரைந்துள்ளன. அதில் குளோரைட்டு மட்டும் 19.3 கிலோ. அதே குடும்பத்தைச் சேர்ந்த புரோமைட்டோ 67 கிராம் மாத்திரமே. அதாவது 290 பங்கு குளோரைட்டுக்கு 1 பங்கு புரோமைட்டு. எந்தப் பெருங்கடலில் அள்ளினாலும் இவ்விகிதம் ஏறக்குறைய இதுவே.

பாத்தியில் நடப்பது

நீர் ஆவியாகும்போது முதலில் கல்சியம் காபனேற்று சிறிதளவு படியும். நீர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். அதுவரை குளோரைட்டும் புரோமைட்டும் ஒன்றாகவே செறிவடைகின்றன, விகிதம் மாறுவதில்லை. நீர் பத்தில் ஒரு பங்கானதும் கறியுப்பாகிய சோடியம் குளோரைட்டு பளிங்காகிறது. இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. புரோமைட்டு அயன் சற்றுப் பெரியது. உப்புப் பளிங்கின் அடுக்கில் இலகுவில் பொருந்தாது. தனி உப்பாகப் படியவும் அதன் அளவு போதாது. ஆகவே பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடுகிறது.

கணக்கு எழுதிப் பழகியவர்கள் நாம். எனவே இதையும் அண்ணளவான வரவு செலவாகக் காட்டுகிறோம்.

வரவு (1000 கிலோ கடல்நீர்): குளோரைட்டு 19.3 கிலோ, புரோமைட்டு 67 கிராம்.
செலவு (கழுவிய உப்பு 20 கிலோ): குளோரைட்டு 12.1 கிலோ, புரோமைட்டு 2 கிராம்.
மீதி (கசப்பு நீர்): குளோரைட்டு 7.2 கிலோ, புரோமைட்டு 65 கிராம்.

விகிதம் உப்பில் 6000க்கு 1. மீதி நீரில் 110க்கு 1. 1826இல் பிரான்சின் மொன்பெலியே நகரில் 23 வயது இளைஞரான பலார், இப்படியான கசப்பு நீரில் குளோரினைச் செலுத்தியே புரோமின் என்னும் மூலகத்தைக் கண்டறிந்தார்.

எமது கிணறுகளுக்கு என்ன தொடர்பு?

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லினுள் மழைநீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். ஊரிலிருந்து "கிணறு உவராய்ப் போச்சுது" என்ற செய்தி வரும்போது, அது கடல்நீரா, வேறு காரணமா என்று அறிய இவ்விகிதம் உதவும். கடல்நீர் கலந்திருந்தால் விகிதம் 290ஐ அண்டி நிற்கும். நாம் உண்ணும் உப்பில் புரோமைட்டு குறைவு. ஆதலால் சமையற் கழிவுநீரோ மலக்குழி நீரோ கலந்தால் விகிதம் உயரும். முதலாவதற்கு மருந்து இறைப்பைக் குறைப்பது. இரண்டாவதற்குக் குழியைத் திருத்துவது. இந்த ஒரு சோதனையோடு நின்றுவிடாமல் நைத்திரேற்றையும் அளப்பித்தால் முடிவு உறுதியாகும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

ஒரு லீற்றர் கிணற்று நீரில் குளோரைட்டு 580 மில்லிகிராம், புரோமைட்டு 2 மில்லிகிராம். இன்னொரு கிணற்றில் குளோரைட்டு 600, புரோமைட்டு 0.6. எந்தக் கிணற்றில் கடல்நீர் புகுந்திருக்கக் கூடும்?

விடை: முதலாவது (290). மற்றதன் விகிதம் 1000.