பழைய பேலட் பலகையா? முத்திரையைப் பார்த்து வாங்குங்க!



நிலக்கோட்டை, கொடைரோடு பக்கம் கம்பெனிகள் கழித்துவிடும் பேலட் பலகையை அடுப்புக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் வாங்குகிறோம். வாங்குமுன் முத்திரையைப் பாருங்கள். மரப்பூச்சி நாடுவிட்டு நாடு பரவாமல் தடுக்க 2002-ல் வந்த உலக விதிப்படி, கோதுமைக்கதிர் படத்துடன் ஆங்கில எழுத்துகள் இருக்கும்.

எச்.டி. என்றால், பலகையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. பூச்சி சாகும், மருந்து சேர்ப்பதில்லை. மரத்தின் தன்மையும் பெரிதாக மாறாது. 160 டிகிரிக்கு மேல் போனால்தான் நிறம் கருத்து, ஈரம் குடிப்பது குறையும், பலமும் குறையும்.

எம்.பி. என்றால், மீதைல் புரோமைடு என்ற விஷவாயு போட்டது. ஓசோன் படலத்தையும் கெடுக்கும். வீட்டுக்கு வேண்டாம்.

பச்சை நிறம் ஏறிய மருந்து மரத்தில் செம்பு, குரோமியத்தோடு ஆர்சனிக் விஷமும் இருக்கலாம். எரித்தாலும் அது அழியாது. புகையிலும் சாம்பலிலும் நிற்கும். அந்தச் சாம்பலில் பாத்திரம் விளக்கினால், கீரைப்பாத்தியில் போட்டால், நம்ம பிள்ளைங்க வயித்துக்குத்தானே போகும்?

எச்.டி. பலகையிலும் எண்ணெய்க் கறை, பெயிண்ட் இருந்தால் எரிக்காதீங்க. முத்திரையே இல்லையா? அடுப்பில் வைக்காதீங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் சொல்லுங்கள்.